தானே கரையும் தையல்

தையல் போடும் டாக்டரைக் கும்பிடுவார்கள். பிரிக்கும் நர்ஸைப் பார்த்தால் முறைப்பார்கள். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில், கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், எனக்கு அந்த முறைப்புக்கும் ஆபத்து வந்தது. உடம்புக்குள்ளேயே கரையும் நூலை வரவழைத்த டாக்டரம்மா, "இனி பிரிக்கிற வேலையே இல்லை. உன்னை ஓ.பி. சீட்டு எழுதப் போடலாம்னு இருக்கேன்" என்றார். என் கையெழுத்து எனக்கே புரியாது.

கரும்பு

செண்பகனூர் வாத்தியார் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். நூல் கரைந்து எங்கே போகும் என்று துளைத்தெடுத்தார். "ஒரு அமிலமா மாறிப் போயிடும் சார். கரும்புச் சாறுல இருக்கிற அதே அமிலம்தான்" என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலை வாத்தியார் என் மேஜையில் ஒரு மூத்திரக் குப்பியை வைத்தார்.

"உடனே டெஸ்ட் பண்ணுங்க சிஸ்டர், ஏற்கெனவே சுகர்காரனைக் கரும்பை வச்சுத் தச்சுட்டாங்க!"

எட்டாம் நாள்

பழைய நூலென்றால் எட்டாம் நாள் பிரிப்போம். அந்தக் கணக்கில் கவுஞ்சி கிராமத்து விவசாயி ஒருவர் வந்து, சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டார். பிரிக்க ஒன்றுமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். வேலை போகப்போகிறதே என்று தவிக்கிறவளைப் பார்த்து, வேலைக்குச் சோம்பல் படுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார் மனுஷன்.

"வெள்ளனே எந்திரிச்சு மொத பஸ்ஸுக்கு வந்திருக்கேன் தாயி, ஒண்ணே ஒண்ணாச்சும் பிரிச்சு விடுங்க!"

பூண்டு

அதே ஊரிலிருந்து, சிசேரியன் ஆகி மூன்று வாரமான பெண்ணைக் கணவர் கூட்டிவந்தார். தையல் பிரிக்கும்வரை காட்டு வேலைக்கு அனுப்பக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். இப்போது பிரிக்கும் நாளே கிடையாதே!

"கரைஞ்சிருச்சான்னு வெரசா பாத்துச் சொல்லுங்க சிஸ்டர், பூண்டு பிடுங்க ஆளு பத்தலை" என்றார் அவர். அவளை உள்ளே அழைத்துப் பார்த்தேன். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. ஆனால் பச்சை உடம்பு. நிற்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. காதோடு கெஞ்சினாள்:

"பூண்டு பிடுங்கி முடியிறவரைக்கும் கரையலைன்னே சொல்லிருங்கக்கா."

வெளியே வந்து, "இன்னும் கரையலைங்க. மாசாமாசம் கூட்டிட்டு வாங்க, நான்தான் பாத்துச் சொல்லணும்" என்றேன். பொய்யில்லை; அந்த நூல் முழுசாகக் கரைய இரண்டு மூன்று மாதமாகும். சேதி பரவி, என் அறை வாசலில் பிள்ளை பெற்றவர்களின் வரிசை நின்றது. டாக்டரம்மா சீட்டுப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

தையலைப் பிரித்த காலமெல்லாம் என்னை முறைத்த இந்த மலை, பிரிக்காமல் விட்ட பிறகுதான் கும்பிட்டது.