தண்ணீர் போகும் பக்கம் கிழக்கு

கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தபோது காதர் மைதீனின் மனைவி நூர்ஜகானின் போன் வந்தது. "அண்ணே, அவங்க போயிட்டாங்க. நாற்காலியில உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க..." கடலுக்கடியில் எத்தனையோ தடவை தப்பித்து வந்த காதர், கூத்தாநல்லூரில் சொந்த வீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

வளைகுடாவில் எங்களோடு டைவிங் செய்த நண்பர்களே, உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவருடைய அத்தாவும் என் அப்பாவும் கோர்ட்டில் எதிரெதிர்க் கட்சி. நிலம் அவர்களுடையது, குத்தகைக்கு உழுதது நாங்கள். அவர்கள் திரும்பக் கேட்டார்கள். அப்பா விடமாட்டேன் என்றார். இது தெரியாத பயிற்சியாளர், இருவரும் ஒரே ஊர்ப்பக்கம் என்று எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். என் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் காதரிடம்தான் வாங்க வேண்டும். நல்ல கூத்து.

ஒருநாள் காம்பஸ் பார்த்துப் போய், நங்கூரக் கயிற்றுக்கே திரும்பி வரும் பயிற்சி. தண்ணீர் கலங்கல், பக்கத்து ஆளைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. திரும்ப வேண்டிய திசை கிழக்கு. நம் பக்கத்தில் ஆறானாலும் வாய்க்காலானாலும் கிழக்கேதான் ஓடும். அந்தப் பழக்கத்தில் நீரோட்டம் போகும் பக்கத்தையே இருவரும் கிழக்கு என்று கை காட்டினோம். முள் வேறு பக்கம் காட்டியது. முள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினோம். எங்கள் இரண்டு குடும்பமும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான், அதுவும் தப்பு.

ஓட்டத்தோடு சற்று தூரம் போனதும் காதர் நின்றார். சிலிண்டரின் இரும்பு முள்ளை இழுக்கிறதா என்று காம்பஸை அதை விட்டுத் தள்ளிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முள் மாறவில்லை. முள் காட்டியபடி வந்த வழியே, ஓட்டத்தை எதிர்த்துப் போகலாம் என்று சைகை செய்தார். நான் தலையாட்டி மறுத்தேன். காற்று குறைந்துகொண்டிருந்தது. அவர் தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை, இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஓட்டம் குறைவான அடிமணலை ஒட்டியே நீந்திக் கயிற்றைத் தொட்டோம். மேலே வந்ததும் சொன்னார்: "மாப்ள, நமக்கு நல்லாத் தெரியும்னு தோணுது பாரு, அங்கதான் முள்ளப் பாக்கணும்."

விடுமுறையில் ஊருக்கு வந்தும் பயிற்சியை விடவில்லை. அறுவடை முடிந்த வயலில் ஒரு குச்சியை நட்டு, தலையில் துண்டைப் போட்டு மூடி, காம்பஸை மட்டும் பார்த்துச் சதுரமாக நடந்து குச்சிக்கே வர வேண்டும். வழக்கில் கிடந்த அதே வயல்தான்! நிலத்தை ரகசியமாக அளக்கிறார்கள் என்று ஊருக்குள் செய்தி பரவி, இரண்டு குடும்பமும் வரப்பில் கூடிவிட்டது.

"யாரைக் கேட்டுடா அளக்குறீங்க?" என்று என் அப்பா கத்தினார்.

துண்டை விலக்காமலே காதர் பதில் சொன்னார்: "அளக்கலைங்க மாமா. திரும்பி வரக் கத்துக்குறோம்." பேசி முடிக்கும்போது அவர் கால் குச்சியில் இடித்தது. அவருடைய அத்தாவே சிரித்துவிட்டார்.

பெரியவர்கள் காலமானார்கள், வழக்கு எங்கள் தலையில் விழுந்தது. வாய்தாவுக்கு ஒரே பைக்கில் போவோம். "எதிர்க்கட்சிக்கு ஒரு டீ" என்று கோர்ட் வாசல் கடையில் சத்தமாகச் சொல்வார். ஆனால் வழக்கை வாபஸ் வாங்கலாம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அடுத்த வாய்தாவுக்கு எதிர்ப்பக்கம் நூர்ஜகான் நிற்பார். நிலம் எனக்குத்தான் சேர வேண்டும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதால்தான் யோசிக்கிறேன். காதரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த யோசனை ஒன்றுதான். வக்கீல்கள் வாய் திறப்பதற்கு முன்னால் அவரிடம் போய், "பேசி முடிச்சுக்கலாம்மா" என்று சொல்லப் போகிறேன். அன்று கையை நீட்டியவர் காதர். இந்தத் தடவை நான்.