விஞ்சில் ஊற்றிய சமையல் எண்ணெய்

1. போன்

“மாமா, லீவரை உட்டாலும் விஞ்ச் நிக்க மாட்டேங்குது. வந்து பாத்துட்டுப் போங்க.”

கிள்ளையிலிருந்து வேலு பேசினான். படகு முதலாளி. வலை இழுக்கிற விஞ்சைத் தானே செய்தவன். பழைய ஜேசிபியில் கழற்றிய பம்ப், காயலான் கடை வால்வு, யூடியூப் படிப்பு. நான் கடலூரில் கம்பெனி கம்பெனியாக ஹைட்ராலிக் வேலை பார்த்துவிட்டு இப்போது சிதம்பரத்தில் கடை வைத்திருக்கிறேன். பிரேக் ஆயில் ஊற்றி ரப்பர் சீலை உப்ப வைத்தவர்கள், தண்ணீர் ஊற்றித் துரு வளர்த்தவர்கள் என்று இந்த மாதிரி விஞ்ஞானிகள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

போனேன். வேலுவின் மச்சான் சங்கர், இடது கையில் கட்டோடு படகில் உட்கார்ந்திருந்தான். விஞ்சில் நிற்பவன் அவன்தான். வலது கையில் லீவர், இடது கையில் கயிறு. லீவரை விட்டால் டிரம் நிற்க வேண்டும். அன்று காலை நிற்கவில்லை. கயிறு அவன் கையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. யாரோ ஓடிப்போய் இன்ஜினை அணைத்ததால் உள்ளங்கைத் தோலோடு போயிற்று.

“தோலுதான மாமா, வளந்துரும்” என்றான் வேலு.

வளரும். அவன் தோல் இல்லையே.

2. அப்பள வாசனை

வால்வைக் கழற்றினேன். உள்ளே முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்பூல் தண்டு பழுப்புப் பிசினில் ஒட்டிக் கிடந்தது. லீவரை விட்டதும் அதைத் திருப்பித் தள்ளுகிற ஸ்பிரிங், பாவம், எவ்வளவுதான் முக்கும்? முகர்ந்து பார்த்தேன். அப்பளம் பொரித்த சட்டி வாசனை.

“என்னடா ஊத்துன?”

“சன்பிளவர் ஆயிலு மாமா.”

“கடுகு, கறிவேப்பில போடலியா?”

சங்கர் சிரித்துவிட்டான். வேலுவுக்குக் கோபம் வந்தது.

“சும்மா பேசாதீங்க மாமா. முன்ன அறுவத்தெட்டாம் நம்பர் ஹைட்ராலிக் ஆயிலுதான் ஊத்துனேன். ஹோஸ் பைப்பு ஒழுகி மீனு மேல கொட்டிச்சு. ஏலத்துல மோந்து பாத்துட்டு கூடையத் தள்ளி உட்டுட்டாங்க. இது ஒழுகுனா யாருக்குத் தெரியும்? திங்கிற எண்ணெதான?”

அதாவது, ஒழுகுகிற ஹோஸை மாற்றாமல் ஒழுகுகிற எண்ணெயை மாற்றியிருக்கிறான். என்ன அறிவு!

சமையல் எண்ணெய் முதலில் நன்றாகத்தான் ஓடும். ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. பிறகு பம்ப் சூட்டிலும் காற்றிலும் கடல் ஈரத்திலும் கெட்டுப் பிசினாகும். உணவு இருக்கிற இடத்துக்கென்று தனி ஹைட்ராலிக் ஆயில் விற்கிறார்கள். அது மளிகைக் கடையில் கிடைக்காது.

3. யார் கயிறு பிடிப்பது

வால்வு, பம்ப், டேங்க் எல்லாவற்றையும் கழுவி, ஹோஸை மாற்றி, சரியான ஆயில் ஊற்ற நாளைக்கு ஆகும் என்றேன்.

“நாளைக்கா? இன்னிக்கு மீன்பாடு நல்லா இருக்கு மாமா. மத்த படகெல்லாம் கெளம்பிடுச்சு. வால்வை மட்டும் தொடச்சி மாட்டிக் குடுங்க. எண்ணெய அப்பறம் மாத்திக்கலாம். சங்கரு சமாளிப்பான்.”

மிச்சப் பிசின் டேங்கில் அப்படியே இருந்தது. அது திரும்ப வால்வுக்குத்தான் வரும். அடுத்த முறை தோலோடு நிற்காது, தோள்வரை போகும். சங்கர் தலை குனிந்து கட்டின் முடிச்சை நோண்டிக்கொண்டிருந்தான். அக்கா புருஷன் படகு. என்ன பேசுவான்?

“சரி, தொடச்சி மாட்டித் தரேன்” என்றேன். “ஆனா இன்னிக்கு விஞ்சுல நீ நில்லு. கயித்த நீ புடி.”

“நானா? நான் சுக்கான் புடிக்கணுமே.”

“அத சங்கரு புடிப்பான். ஒத்தக் கை போதும்.”

வேலு டிரம்மைப் பார்த்தான். சங்கரின் கட்டைப் பார்த்தான். அவன் கைகள் தாமாகவே லுங்கி மடிப்புக்குள் போயின.

“ஹோஸு என்ன சைஸ் மாமா வாங்கியாரணும்?”

தானே மெஷின் செய்கிற தம்பிகளே, ஆயில் கிரேடைப் பாருங்கள், சூட்டைப் பாருங்கள், சீலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஆயிலை ஊற்றுவதற்கு முன்னால், அந்த மெஷினில் உங்கள் கையை வைப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைக்க மாட்டீர்கள் என்றால் டின்னை மூடுங்கள்.