வலது பக்க ஸ்டேரிங்

போன வாரம் பல் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனில் ஒரு வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அடுத்து கொண்டுவரப்போகும் சூப்பர் காரைப் பற்றிய ஆரூடம். காரை இன்னும் ஒருவரும் பார்த்ததில்லை. இருந்தாலும் பேசுகிறவர், பந்தயக் காரிலிருந்து எதையெல்லாம் எடுத்து இதில் வைப்பார்கள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டே போனார். தானாக ஏறி இறங்கும் இறக்கை வருமாம். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து பேட்டரியில் வைத்துக்கொள்ளுமாம். எனக்குப் பல்வலி மறந்துபோனது. இதையெல்லாம் இருபது வருஷத்துக்கு முன்பே, இதே திருப்பூரில், ஒருவன் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

செல்வின் என்று பெயர். திசையன்விளைப் பக்கத்துக்காரன். பனியனுக்குப் படம் அச்சடிக்கும் கம்பெனியில் அவன் ஆர்ட்டிஸ்ட், நான் ஸ்கிரீன் போடுகிறவன். குண்டடத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய உத்தியோகம். டீ நேரத்தில் செல்வின், பழைய பேப்பர் கடையிலிருந்து கிலோக் கணக்கில் வாங்கிய வெளிநாட்டுக் கார் புத்தகங்களை விரித்துவைத்துக்கொள்வான். பப்ஸ் ஆறிப்போகும். ஆறிய பப்ஸை நான் தின்றுவிடுவேன். அந்தக் காலத்தில் எனக்கிருந்த ஒரே சாமர்த்தியம் அதுதான்.

"பிரேக் அடிச்சா சூடாவுதுல்லா? அந்தச் சூடு எவனுக்கும் ஒதவாமப் போவுது. அதப் பிடிச்சு மறுபடி வண்டிக்கே குடுப்பான் பாத்துக்க. மொதல்ல ரேஸ்ல, பொறவு ரோட்ல" என்பான்.

"உனக்கு ஓட்ட சைக்கிள்கூட இல்லியேப்பா" என்பேன்.

"வண்டி வேணும்னு யாருல கேட்டா? நெனைக்கதுக்குக் காசா?"

அவன் நினைத்த அந்த வண்டிக்கு ஒருநாள் வேளை வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர், குழந்தைகள் பனியனுக்கு 'நாளைய கார்' வேண்டும், எந்தக் கம்பெனி ஜாடையும் இருக்கக் கூடாது, எழுத்தோ நம்பரோ கூடாது என்று கேட்டிருந்தார். செல்வின் ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்தான். மேலிருந்து பார்ப்பதுபோல, கூரையில்லாத கார். பையர் நாட்டு வழக்கப்படி ஸ்டேரிங் இடது பக்கம். படம் ஒரே தடவையில் ஓகே ஆனது. இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் தனியாக டிசைன் செக்‌ஷன் போட்டு அவனையே மேலாளாக வைப்பதாக முதலாளி சொன்னார். செல்வின் அன்று சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

எங்கள் வேலை எப்படி என்றால், படத்தை ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிலிமாகப் பிரித்து ஆர்ட்டிஸ்ட் கொடுப்பார். மருந்து பூசிய ஸ்கிரீன் துணிமேல் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டிப் படத்தை அதில் இறக்குவது என் வேலை. கண்ணாடி மாதிரி பிலிம், எந்தப் பக்கம் வைத்தாலும் படம் தெரியும். அதனால் மேல்பக்கம் எதுவென்று மூலையில் செல்வின் மார்க்கர் பேனாவால் ஒரு டிக் போட்டிருப்பான். அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தேனோ, புரட்டி வைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் புரட்டியிருந்தால் கலர் பொருந்தாமல் உடனே பிடிபட்டிருக்கும். நான் ஐந்தையும் ஒழுங்காக, ஒரே மாதிரி புரட்டிவைத்தேன். அப்படி ஒரு ஒழுங்கு.

ஸ்டேரிங் வலது பக்கம் வந்துவிட்டது. அச்சடித்தவர்கள், செக்கிங் பெண்கள், பேக்கிங் ஆட்கள் என்று அத்தனை பேர் பார்த்தார்கள். நம் ஊரில் எல்லா வண்டிக்கும் ஸ்டேரிங் வலது பக்கம்தானே, யாருக்குத் தப்பாகத் தெரியும்? அச்சடிக்கிற ஷெட்டுக்குக் கலர் சீட்டு மட்டும்தான் வரும், ஓகே ஆன படம் ஆபீஸ் பைலில் தூங்கியது. செல்வினும் அந்த வாரம் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்த அன்று காலையில், ஸ்டேரிங் பக்கம் மாறியிருக்கிறதென்று பையர் மொத்தச் சரக்கையும் வேண்டாமென்று சொன்ன செய்தி வந்தது.

முதலாளி வருவதற்கு முன்பே நான் டிராயரைத் திறந்து, மை கரைக்கிற தின்னர் தொட்ட துணியால் ஐந்து பிலிமின் மூலையையும் துடைத்துவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயம் தானாகவே கையை நடத்தியது.

எங்கள் முதலாளிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "ஏனுங் செல்வின், பிலிம மாத்திக் குடுத்துட்டீங்களாட்டம் இருக்குதுங்களே?" என்றார்.

"இல்ல சார். மேப்பக்கம் எதுன்னு மூலைல டிக் போட்டுத்தான் குடுத்தேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, டிக்கு இருந்துச்சா?"

"இல்லீங்க" என்றேன்.

செல்வின் ஒரு பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். தின்னர் வாடை ஒன்றும் அத்தனை சீக்கிரம் போகிற வாடையில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு பிலிமைக் கீழே வைத்தான்.

"நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாங்க சாமி" என்றார் முதலாளி.

திரும்பி வந்த சரக்கு, கழித்த பனியன்களை மலிவாக விற்கும் காதர்பேட்டைக்குப் போனது. அடுத்த ஒரு வருஷம் ஊரில் பாதிப் பிள்ளைகளின் நெஞ்சில் அந்தக் கார்தான். டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் அது உட்கார்ந்திருக்கும். என் மாமன் மகனே ஒன்றைப் போட்டுக்கொண்டு கிடாவிருந்துக்கு வந்து, "மச்சா, இது உங்க கம்பெனிப் படமாமா, சூப்பருங்க" என்றான். இலையில் கறி இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

பல் டாக்டரிடமிருந்து வந்த அன்றே, திசையன்விளைக்காரரான ஒரு டெய்லர் மூலம் நம்பர் பிடித்து செல்வினைக் கூப்பிட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறானாம். பேச்சைத் தொடங்கத் தெரியாமல், நீ சொன்ன மாதிரியே வண்டியெல்லாம் வருகிறதப்பா என்றேன்.

"அப்படியா? நான் என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாவம் இல்லல."

பேனா பிடித்தே வெகுநாள் ஆகிறதாம். அதற்குமேல் தாங்காமல், அந்த டிக்கைத் துடைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம், வாயிலிருந்து வரும்போது அழுகையாக வந்தது.

"அது அன்னைக்கே தெரியும்லா" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். "பஸ் ஸ்டாண்டுல மூணு பஸ்ஸ விட்டேன். எப்படியும் நீ வந்து சொல்லுவன்னு."

அந்த மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் நான் இருந்தேன். அந்தப் படத்துக்கே, இந்தத் தடவை சரியான பக்கமாக வைத்து, புது ஸ்கிரீன் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நாலாவதுல ஏறிட்டேன்" என்றான் செல்வின். "அதுக்கப்பொறவு யாருக்காவயும் காத்துக்கிட்டு நின்னதில்லல."