வெட்டிய காட்சி திரும்பி வந்தது

டிவியில் என்ன படம் ஓடினாலும் சின்னக்கண்ணு உட்கார்ந்து பார்க்க மாட்டார். எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். கதாநாயகன் நாலு பேரைத் தூக்கி எறிந்துகொண்டிருப்பான். இவர் கண் திரையின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். கதாநாயகி கதறுவாள், இவர் அவளுக்குப் பின்னால் குடத்தோடு போகிற பெண்ணைக் காட்டி, "நடக்கிறா பாரு, கேமராப் பக்கம் திரும்பவே இல்ல. நல்ல ஆளு" என்பார். மகள் சத்தியப்பிரியாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். "மறைக்காதீகப்பா" என்று சிறு வயதில் அழுதிருக்கிறாள். பிறகு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே படம் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அவருடைய பிழைப்பு அப்படி. காரைக்குடியைச் சுற்றியுள்ள பெரிய வீடுகளுக்குப் படப்பிடிப்பு வந்தால், சந்தைக் கூட்டமோ கல்யாணக் கூட்டமோ வேண்டுமென்றால், மானகிரி சின்னக்கண்ணுவுக்குத்தான் போன் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கரும்பு லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், ஒரு நாள் யாரோ ஒரு உதவி இயக்குநர், "மத்தியானத்துக்குள்ள பத்து கெழவன் வேணும்" என்று கேட்க, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று முதல் வேலை மாறியது. முதலில் போய்க் கழிப்பறை இருக்கிறதா, சேலை மாற்ற மறைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெண்களை வேனிலிருந்து இறக்குவார். அவர் சொன்னால் போகலாம் என்று புருஷன்மார்கள் அனுப்பி வைத்தார்கள். அந்த நம்பிக்கைதான் அவர் தொழிலுக்குப் போட்ட முதல்.

நான்கைந்து வருடங்களுக்கு முன் அந்த ராசா படம் எடுக்க வந்தார்கள். படத்துக்கு வேறு நீளமான பெயர் உண்டு. ஊருக்கு அது ராசா படம். ஊருக்கு அங்குட்டு பொட்டலில் மண் கோட்டை எழுப்பி, யானை கொண்டுவந்து, மானகிரியில் பாதிப் பேருக்கு வேல் கொடுத்து எடுத்தார்கள். படம் வெளியான அன்று வேன் பிடித்துக் காரைக்குடிக்குப் போனார்கள். பெண்கள் பட்டுச் சேலை கட்டியிருந்தார்கள். மூன்று மணி நேரப் படத்தில் மானகிரிக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. போர் முடிந்ததும் ராசா நேராக முடிசூட்டிக்கொண்டார்.

"ஏப்பா சின்னக்கண்ணு, எங்க மூஞ்சியெல்லாம் எந்தக் கம்மாயில கரைச்ச?" என்று திரும்பி வரும்போது சோணையம்மாள் கேட்டாள். வேனே சிரித்தது.

அவரும் சிரித்தார். அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டதைச் சத்தியப்பிரியா கவனித்தாள். அவமானத்தை மறைக்கிறார் என்றே நினைத்தாள்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். படித்து முடித்து இரண்டு வருடமாகத் தேர்வு, நேர்முகம், காத்திருப்பு. எதற்கும் பதில் வராத போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. ராசா படத்தின் முழு வடிவம், தியேட்டரில் வந்ததைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீளமாக, டிஸ்க்குகளாக ஒரு பெட்டியில் வரப்போகிறது. வெட்டிய காட்சிகள் எல்லாம் திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கும். படித்ததுமே அன்று வேனில் ஊர் சிரித்த சிரிப்பு அவளுக்கு நினைவு வந்தது. டியூஷன் பணத்தில் அந்தப் பெட்டிக்குச் சொல்லிவைத்தாள். அப்பாவுக்கு அவள் செய்யக்கூடியது இதுவாவது இருக்கட்டும்.

சாப்பிடும்போது சொன்னாள். "அப்பா, நம்ம ஆளுக எல்லாரும் இதுல இருக்காகப்பா."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா நாகஜோதி அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் குழாயடி முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டுத்தான் அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டின் பின்னால் வைத்து மகளிடம் சொன்னார். இந்த ஊரில் அவரையும் பொன்னுத்தாயியையும் தவிர யாருக்கும் தெரியாதது அது.

ராசா ஜெயித்து வருகிறார். வழியில் ஒரு கிராமம். செத்துப்போன வீரர்களின் மனைவிமார் நிற்கிறார்கள். ஒருத்தி தாலியைக் கழற்றி ராசாவின் வெற்றி முரசின் மேல் வைக்கிறாள். இதுதான் காட்சி. தாலியைக் கழற்று என்று படக்காரர்கள் சொன்னதும் பெண்கள் எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள். அந்தக் காட்சி வேண்டாமாம் என்று சொல்லி மற்றவர்களைச் சாப்பாட்டுப் பந்திக்கு அனுப்பிவிட்டு, சின்னக்கண்ணு பொன்னுத்தாயியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, எம்புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. வெளையாட்டுக்குக்கூட இதச் செய்யக் கூடாதுண்ணே" என்றாள் அவள்.

"அது ஒன் தாலி இல்ல தாயி, அவுக குடுத்த கயிறு. பின்னால இருந்துதான் எடுக்குறாக, மூஞ்சி தெரியாது. பின்ன யாராச்சும் ஒரு வார்த்த கேட்டா, நாந்தான் செய்யச் சொன்னேன்னு நானே வந்து முன்னால நிப்பேன். போதுமா?"

போதும் என்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிகிறது என்று யாரோ சொல்ல, தன் சொந்தத் தாலியையும் அவிழ்த்து முந்தியில் முடிந்துகொண்டாள். அடுத்த ஆடி மாதம் அவள் புருஷன் பெத்தன் தேவகோட்டையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். கொத்தனார் வேலையில் சாரம் சரிவது உண்டு. ஆனால் பெத்தனுடைய தாய் சோணையம்மாளுக்கு அந்தக் காட்சி தெரியவந்தால், சாரத்தையா குறை சொல்வாள்? மகன் போனபின் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் பணியாரம் சுட்டு விற்றுத்தான் பிழைத்தார்கள். ஒரே பாயில் படுத்தார்கள். வீடு கிழவி பேரில் இருந்தது. பொன்னுத்தாயிக்குப் போக வேறு இடமில்லை.

"மூஞ்சி தெரியுமாத்தா அதுல?" என்று மகளிடம் கேட்டார். "நீ பாத்துட்டுச் சொல்லு."

பெட்டி வந்தது. மூடியில் ராசா வாளோடு நின்றார். இந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிற கருவி ஊரில் யாரிடமும் இல்லை. தேவகோட்டையில் கூடப்படித்த பெல்சியின் தம்பி டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியில் அது ஓடும் என்று தெரிந்து, சத்தியப்பிரியா பஸ் ஏறிப் போனாள். பெல்சி வீட்டு மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, இரண்டாவது டிஸ்க்கில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள்.

முகம் தெரிந்தது. முழுதாக, நெற்றியிலிருந்து தாடை வரை திரை நிறையத் தெரிந்தது. பொன்னுத்தாயி அழவில்லை. கயிற்றை அவிழ்த்து, ஒரு கணம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, முரசின் மேல் இறக்கினாள். முரசடிக்கிறவனின் கை நின்றது. அதற்கப்புறம் ராசா முடிசூடுவதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"யாருடி இந்த அக்கா? தியேட்டர்ல பாத்தப்ப இல்லையே. எதுக்கு இத வெட்டுனாங்க?" என்றாள் பெல்சி.

இணையத்தில் இந்தப் பதிப்பை வாங்கியவர்கள் எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் இந்த நடிகை, பெயர்ப் பட்டியலில் ஏன் இல்லை? ஒருவர் அந்த முகத்தைப் படமாக எடுத்துப் போட்டிருந்தார். சத்தியப்பிரியா பதிலை இரண்டு தடவை தட்டச்சு செய்து இரண்டு தடவை அழித்தாள். தன்னால்தான் இது ஊருக்கு வந்தது என்ற எண்ணம் பஸ்ஸில் அவளை உட்காரவிடவில்லை. டிஸ்க்கை ஒளித்துவிடலாமா? யாரோ எங்கோ ஒரு நாள் போனில் காட்டத்தான் போகிறார்கள். ஒளித்தால் அது யாரைக் காப்பாற்றும், பொன்னுத்தாயியையா அப்பாவையா?

"முழுசாத் தெரியுதுப்பா" என்று வந்து சொன்னாள். "பொன்னுத்தாயி அத்தைட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

போனார். பணியாரம் வாங்கிக்கொண்டு திரும்பினார். மறுநாளும் போனார், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கூட்டத்தை அதட்டி வரிசையில் நிறுத்தும் மனிதர், வீட்டுக்குள் கதவுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஊரோ, "எப்பப்பா போடுற?" என்று நச்சரித்தது.

கடைசியில் சத்தியப்பிரியாதான் சொன்னாள். பொன்னுத்தாயி அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு வெகுநேரம் அரிசியை அளைந்தாள்.

"நல்லா இருக்கேனாடி?"

சத்தியப்பிரியா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "ரொம்ப நல்லா இருக்கீக அத்தை."

"ஒளிக்க வேணாம். எத்தன நாளைக்கி நானும் நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டுக் கெடக்குறது? போடச் சொல்லு. ஆனா படம் போடுறதுக்கு முன்னால உங்கப்பா எங்க அத்தைட்ட அந்த ஒரு வார்த்தையச் சொல்லிரணும். அவரு சொன்னா அது நம்பும். அவருமேல அதுக்கு அம்புட்டு மதிப்பு."

அப்பா சரி என்றார். மகள் தலையில் கைவைத்துச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேம் பெட்டியோடு பெல்சி வந்தாள். சின்னக்கண்ணு வீட்டு முன்னறை நிறைந்து வாசல் வரை ஆட்கள் இருந்தார்கள். சோணையம்மாள் முன்வரிசையில், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சின்னக்கண்ணு எழுந்து தொண்டையைச் செருமினார். யானை மிரண்டதைப் பற்றிச் சொன்னார். வெயிலில் யாரும் முகம் சுளிக்காமல் நின்றதைச் சொன்னார். இயக்குநர் தன் தோளைத் தட்டியதைச் சொன்னார்.

"பேசுனது போதும், போடுப்பா! ராசாவே கெழவனாயிருவாரு" என்றது ஒரு குரல். சிரிப்புக்கு நடுவே அவர் உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுத்தாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மானகிரிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரையில் வரவர அறை அல்லோலகல்லோலப்பட்டது. "எம் மூக்கு, எம் மூக்கு!" "யானைக்குப் பின்னால யாரு, இன்னொரு யானையா?" என்று ஒரே கூச்சல். அந்தக் காட்சி வருவதற்குச் சற்று முன்பு சின்னக்கண்ணு, "வெளிய ஏதோ வேன் சத்தம் கேக்குது" என்று எழுந்து வாசலுக்குப் போனார்.

பிறகு கூச்சல் இல்லை. கயிறு முரசில் இறங்கியது.

சோணையம்மாள் காலை மடக்கினாள். "இது எப்ப எடுத்தது?"

"ராசா படத்துக்குத்தான் அத்தை. எல்லாரும் சாப்புடப் போயிருந்தாக."

"எம் மகன் இருக்கையிலயா?"

"ஆமா."

"ஒன் தாலி எங்க அப்ப?"

"முந்தியில முடிஞ்சிருந்தேன்."

கிழவி மருமகள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "யாரு ஒன்னையச் செய்யச் சொன்னது?"

பொன்னுத்தாயி வாசலைப் பார்த்தாள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சின்னக்கண்ணு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா, நீ அங்கனதான இருந்த?"

"நான்..." என்றார். "நான் அப்ப பந்தி பாத்துக்கிட்டிருந்தேன் பெரியம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு."

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. கூட்டம் வேனில் ஏறப் பயந்துவிடும், போன் வருவது நின்றுவிடும் என்ற பயமா? மகளின் பார்வையா? சத்தியப்பிரியா வாயைத் திறந்தாள். பொன்னுத்தாயி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, காதோடு சொன்னாள்.

"நீ பேசாத. நீ சொன்னா, நாம ரெண்டு பேரும் கூடிப் பேசிச் சொல்றோம்னு ஆகும்."

அப்படித்தான் ஆகியிருக்கும். அதனால்தான் பேசாமல் இருந்தாளா, அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் இருந்தாளா என்று சத்தியப்பிரியா இன்னும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வருகிறது.

சோணையம்மாள் கத்தவில்லை. வீட்டைவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் தனக்கென்று தனி அடுப்பு போட்டுக்கொண்டாள். மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. பணியாரக் கல் குளிர்ந்து கிடக்கிறது. பொன்னுத்தாயி இப்போது செங்கல் சூளைக்குப் போகிறாள்.

அதன்பிறகு சின்னக்கண்ணு அந்த வீட்டுக்கு என்னென்னவோ செய்துவிட்டார். அரிசி மூட்டை இறக்கினார். கிழவியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். படப்பிடிப்பில் சமையல் வேலைக்கு வரச்சொல்லிப் பொன்னுத்தாயிக்கு ஆள் அனுப்பினார், அவள் வரவில்லை. "சொல்லவேண்டியதச் சொல்லாம, மூட்டை மூட்டையா எறக்குறீகளேப்பா" என்று மகள் ஒரு நாள் வெடித்தபோது, "சொல்றேன்த்தா, நேரம் பாத்துச் சொல்றேன்" என்றார்.

போன வாரம் மழை வருவதற்குள் அந்த வீட்டு ஓடு மாற்றிக் கொடுக்க ஏறினார். ஆள் வைக்காமல் அவரே ஏறினார். கீழே ஏணிக்குப் பக்கத்தில் பொன்னுத்தாயி ஓடுகளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். மோர் கொண்டுவந்த சத்தியப்பிரியாவும் அங்கேதான் நின்றாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த சோணையம்மாள் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள். "எம் மகன் இருந்து செய்யவேண்டியத நீ செய்யுறப்பா. நீ நல்லா இருக்கணும்."

அவர் கை ஓட்டின் மேல் அசையாமல் இருந்தது. கீழே பொன்னுத்தாயி அடுத்த ஓட்டை எடுத்தாள். நீட்டாமல், மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"குடு தாயி" என்றார் அவர். "மழை வந்துரும்."