ஆத்தா வந்த திட்டு

கோச்சடைக்கு மேற்கே வைகையின் நடுவில் ஒரு திட்டு இருந்தது. நான் அங்கே நாணல் அறுக்கப் போனபோது அதில் யாரும் வசிக்கவில்லை. முன்பு சில குடும்பங்கள் குடிசை போட்டு வெள்ளரி பயிரிட்டிருந்தார்களாம். ஒரு கோடையில் அவர்களுக்கு அம்மை கண்டது. கரையில் இருந்தவர்கள் அவர்களை ஊருக்குள் விடவில்லை. செத்தவர்களை மணலில் புதைத்துவிட்டு, பிழைத்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். பாதி கரைந்த மண்சுவர்களும் ஓர் உரலும்தான் மிச்சம்.

உள்ளூர்க்காரர்கள் அங்கே கால் வைக்க மாட்டார்கள். அதனால் வெளியூர்க்காரர்களான எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் சுற்றியவன் நான். எந்த வேலையும் எனக்கு ஒன்றுதான். கூட வந்தவர் கப்பலூர்ப் பக்கம், என்னைவிட மூத்தவர். இருவருமே ஆறில்லாத காட்டில் பிறந்தவர்கள்.

களைப்பில் உரல்மேல் உட்காரப் போனேன். அவர் கையைப் பிடித்து இழுத்தார். "அதுல உக்காராத மாப்ள. எந்தப் புண்ணுக்காரி கை பட்டதோ."

வெயில் ஏறியபோது கரையில் ஆட்கள் கூடித் துண்டை வீசிக் கத்தினார்கள்.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

 எங்கள் பக்கம் ஆத்தா வந்துவிட்டாள் என்றால் அம்மை கண்டிருக்கிறது என்று பொருள்.

"அண்ணே, ஊருக்குள்ள கண்டிருச்சு போல. வராதீங்கங்கிறாக."

"நான் வரல. வீட்டுல ரெண்டு பச்சப்புள்ள கெடக்கு. ஒட்டிக்கிட்டுப் போயி அதுகளுக்குக் குடுக்கவா?"

அசையாமல் நின்றோம். காலையில் முழங்காலளவு கடந்து வந்த தண்ணீர் செம்மண் நிறமாகி, நுரையும் வைக்கோலும் சுழன்று வந்த பிறகுதான் வெள்ளம் வருவது புரிந்தது. மேற்கே மலையில் மழை. எங்கள் தலைமேல் ஒரு தூறல்கூட இல்லை.

இருவருக்கும் நீந்தத் தெரியாது. அறுத்த நாணல் கட்டு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினோம். கால் தரையை விட்டதும் அவர் என் தலைமுடியைப் பிடித்தார். இரண்டு முறை மூழ்கினோம். வெகுதூரம் கீழே யாரோ வேட்டியை வீசி எங்களை இழுத்துப் போட்டார்கள்.

"செவிட்டுப் பயலுகளா! ஆத்தா வந்துட்டான்னு தொண்டை கிழியக் கத்துறோம், மரமாட்டம் நிக்கிறீக!"

"எந்த ஆத்தா?" என்றேன்.

"இந்தா ஓடுறாளே வைகை, இவதான். ஒன்னயப் பெத்தவளா வருவா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வந்தவர் சிரிக்கவில்லை.

"அப்ப ஊருல அம்மை இல்லையா?"

"வாயக் கழுவுய்யா."

அடுத்து நின்றவரிடமும் அதையே கேட்டார். பிறகு ஒரு கிழவியிடம் கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார். அவள் செய்தாள். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போகப் பயந்து, ஈரத் துணியோடு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.