கிணற்று மேட்டில் ஓர் ஆள்

எனக்கு இடது கால் சூம்பிய கால். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் விட்டுப் போனது அது. நாலு பேர் சேர்ந்து நடந்தால் கடைசியில் வருகிறவன் நான்தான். கிணற்றுக்குள் அப்படி இல்லை. தண்ணீர் நெஞ்சு வரை ஏறிவிட்டால் எந்தக் கால் எப்படி என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் மறந்துபோகும்.

திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் சாக்குத் தைக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. காலைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சின்ன வயதில் ஒதுங்கி நின்றவன், பிறகு யாரும் எதுவும் கேட்காத இடத்திலும் ஒதுங்கியே நின்றேன். இப்படி இருந்தவனுக்குத் தினமும் காலையில் கொஞ்ச நேரம் அந்தக் கிணறு கிடைத்தது.

குஜிலியம்பாறை போகிற சாலையில், டவுன் தாண்டி உள்ளே போகும் ஒரு மண்பாதையின் முடிவில் அது இருக்கிறது. கல் படி இறங்கும் பெரிய கிணறு. மேட்டில் ஒரு மோட்டார் ரூம், நாலைந்து தென்னை, சுற்றிலும் மல்லிகையும் சின்ன வெங்காயமும். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து நிறையப் பேர் நீந்த வருவார்கள். தவறாமல் தினமும் வருகிறவர்கள் இரண்டே பேர்: நானும், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒரு அண்ணனும்.

அந்தக் கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு. குதிப்பதற்கு முன்னால் ‘ஆளு இருக்கா?’ என்று கத்த வேண்டும். தண்ணீருக்குள்ளோ மேட்டிலோ இருக்கிற ஒருவர், ‘இருக்கு, குதி’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் குதிக்கக் கூடாது. முதலில் வந்தவர் அடுத்த ஆள் வரும்வரை மேட்டில் காத்திருப்பார். முங்கிய ஆள் செத்த நேரம் வெளியே வராவிட்டாலும் அதே கேள்விதான். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவனும் தனியாக இறங்கக் கூடாது. காலில் நரம்பு இழுத்துக்கொண்டால் நீச்சல் உதவாது. எனக்கு அடிக்கடி இழுக்கும்.

நான் கத்துவது எனக்கே கேட்காது. அண்ணன் கீழே இருந்து கேலி பண்ணுவார்.

“ஏலே அப்பு, கெணத்துக்கிட்ட என்ன ரகசியம் பேசுற? பஸ்ஸுக்கு ரைட் குடுக்குற மாதிரி கத்துடா!”

“கத்திட்டேன்ணே.”

“எப்போ? நேத்தா?”

நோய் வந்த வருடம், ஊரடங்கு போட்டதுமே, கிணற்றுக்குச் சொந்தக்காரரான தோட்டக்கார அக்கா மண்பாதையில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். அவருடைய வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. நான் வண்டியை நிறுத்திவிட்டு முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தூரத்தில் நின்றார்.

“டவுன்காரவுக யாரும் வரவேணாம் தம்பி. கோவிச்சுக்கிறாதீக. இவரு மூச்சு எனக்கு வேணும்.”

நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

வீடு ஒரே அறை, ஒரு அடுப்படி. நான், மனைவி, மகள். முதல் வாரம் எப்படியோ போனது. பிறகு கால் விறைக்க ஆரம்பித்தது. தண்ணீருக்குள் தினமும் அசைந்துகொண்டிருந்த கால், தரையில் கிடந்து மரக்கட்டை மாதிரி ஆயிற்று. மொட்டை மாடியில் நடந்து பார்த்தேன். அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாரும் நின்றிருந்தார்கள், எல்லாருக்கும் வேறு வேலையும் இல்லை. என் நடையைப் பார்ப்பார்களே என்று இறங்கிவிட்டேன். தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்முக்குள் காலை விட்டு ஆட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“காலை ஊறுகா போடுறீகளா? உப்பு எடுத்தாரவா?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி கெண்டைக்கால் இழுத்தபோது மனைவிதான் விடிய விடியப் பிடித்துவிட்டாள்.

அண்ணன் போன் பண்ணுவார். போனில் எனக்கு ‘ம்’ தவிர எதுவும் வராது. அது தெரிந்து அவரே பேசிக்கொண்டு போவார். “மொட்ட மாடியில பெஞ்சப் போட்டுக் குப்புறப் படுத்து நீச்சலடிக்கேன் அப்பு. எதுத்த வீட்டுக் கெழவி பாத்துட்டு, கண்டக்டருக்கு வலிப்பு வந்துருச்சுன்னு தெருவையே கூட்டிருச்சு. சாவிக்கொத்தோட மூணு பேரு ஓடி வாராங்க!”

“ம்.”

“சிரிக்கவாச்சும் செய்டா.”

கட்டுப்பாடுகளைக் கொஞ்சம் தளர்த்தியபோது அக்காவே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். கூட்டம் வேண்டாம், ரெண்டு பேர் மட்டும் வரலாம். ஒருத்தர் தண்ணிக்குள்ள, ஒருத்தர் மேட்டுல. வீட்டுப் பக்கம் வரக் கூடாது. தனியாக இரு என்று ஊரெல்லாம் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிணற்றின் வழக்கமோ தனியாக இறங்காதே என்பது. இரண்டையும் மீறாத ஒரு வழியை அந்த அக்கா கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்.

முள் விலகியிருந்த பாதையில் முதல் நாள் போனபோது மல்லிகைத் தோட்டம் வெள்ளையாகக் கிடந்தது. கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை, பூவை வாங்க ஆளில்லை; பறிக்காமல் செடியிலேயே விட்டிருந்தார்கள். மலர்ந்து, பழுத்து, உதிர்ந்து தரையெல்லாம் காவி நிறம். வாசனை மூச்சை அடைத்தது. அவ்வளவு பூவை அப்படிப் பார்க்க நன்றாக இல்லை.

அண்ணன் மேட்டில் தென்னையடியில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் கயிறு கட்டிய லாரி ட்யூப். நான் இறங்குவேன். நான் ஏறியதும் அவர் இறங்குவார், நான் ட்யூபோடு உட்காருவேன். கிணற்றுக்குள் நான் ஒரு வட்டம் முடிக்கும்போதெல்லாம் மேலே இருந்து ஏதாவது ஓர் ஊர்ப்பெயரோடு குரல் வரும். “எரியோடு எறங்கு! எரியோடெல்லாம் எறங்கு! ஏலே, டிக்கெட் எடுத்தியா?”

அந்த மாதங்களில்தான் நான் அவரிடம் நிறையப் பேசினேன். அவர் முகம் தூரத்தில், அதிலும் பாதி முகக்கவசத்துக்குள். என் முகம் தண்ணீரில். அதனாலோ என்னவோ பேச வந்தது. மகள் படிக்க ஆசைப்படுவதைச் சொன்னேன். பெண் பார்க்கப் போனபோது எழுந்து நடக்கப் பயந்து, கொடுத்த காபியை ஆறிப்போகும் வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அண்ணன், “அந்தப் புள்ள அதப் பாத்துத்தான்டா சரின்னுருக்கும், பரவால்ல நிதானமான ஆளுன்னு” என்றார். வீட்டில் போய் மனைவியிடம் கேட்டேன். “காபியில சீனி இல்ல போலன்னு நெனச்சேன்” என்றாள்.

அடுத்த வருடம் நோய் மறுபடி கிளம்பியது. பஸ் ஓடிக்கொண்டிருந்தது, அண்ணன் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் காய்ச்சல் என்றார். பிறகு அவர் வீட்டு கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் மாடி அறையில் இருந்தார். மனைவியும் பிள்ளைகளும் கீழே. சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு வருவார்கள்.

போன் பண்ணினால் இருமல் அவரைப் பேச விடவில்லை. எனக்கும் போனில் பேச்சு வராது. மறுபடி ஊரடங்கு போட்டிருந்தாலும் மண்டிக்கு அனுமதி இருந்ததால் நான் விடியும்போதே கிளம்பிவிடுவேன். ஒரு நாள் வண்டியை அவர் தெருவுக்கு விட்டேன். எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு மாடி ஜன்னலைப் பார்த்தேன். எதிர் வீட்டு வாசலில் ஒரு பாட்டி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பாட்டி உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போகவே இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

“ஆளு இருக்கா?”

நாய் குரைத்தது. பாட்டியின் கையில் வாளி அப்படியே நின்றது. ஜன்னலில் அண்ணன் தலை தெரிந்தது. சவரம் செய்யாத முகம்.

“இருக்கு, குதி!” என்றார். இருமிக்கொண்டே, “இம்புட்டுச் சத்தத்தை எங்கடா வச்சுருந்த?” என்றார்.

தினமும் போனேன். தெருக்காரர்களுக்கும் பழகிவிட்டது. நடுவில் ஒரு நாள் அவர், “கெணத்துக்குப் போறியா?” என்று மேலே இருந்து கேட்டார். இல்லை என்றேன். “நான் வந்து ஒக்காருற வரைக்கும் போகாத. இழுத்துக்கிட்டா யாரு டிக்கெட் கிழிக்கிறது?” என்றார். அதற்குப் பிறகு அவருக்குக் குரல் எழும்பவில்லை. நான் கூப்பிட்டால் டம்ளரால் ஜன்னல் கம்பியில் தட்டுவார். டங், டங். அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டுதான் மண்டிக்குப் போவேன்.

பிறகு ஒரு காலை, கூப்பிட்டேன். சத்தம் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை கூப்பிடும்போது கீழ்க் கதவு திறந்து அவர் மனைவி வெளியே வந்தார். ராத்திரி ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார். “கத்தாதீக அண்ணே, அவரு மேல இல்ல” என்றார்.

அவர் திரும்பி வரவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சுடுகாட்டுக்கு அவருடைய பிள்ளைகளும் இன்னும் ஒருவருமாகப் போனார்கள். நான் அன்று மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்த சாக்கையே மறுபடி தைத்திருக்கிறேன் என்று முதலாளி எடுத்துக் காட்டினார்.

கிணற்றுப் பக்கம் போகவில்லை. ஊரடங்கு முடிந்தது, மழை பெய்தது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மறுபடி போக ஆரம்பித்தது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்தில் போய் நின்று கத்த என்னால் ஆகாது. கால் மறுபடி விறைத்தது. மண்டியில் எழுந்து நிற்க மூட்டையைப் பிடிக்க வேண்டியிருந்தது. “தனியா வேணாம், யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் மனைவி. யாரை என்று அவளும் சொல்லவில்லை.

ஒரு வேலை நாளில், யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் போனேன். தண்ணீர் மேல் படி வரை நின்றது. தென்னையடியில் அந்த லாரி ட்யூப் காற்றுப்போய்க் கிடந்தது. மேட்டில் நின்று, “ஆளு இருக்கா?” என்றேன். கிணற்றுச் சுவர் என் குரலையே திருப்பித் தந்தது. செத்த நேரம் நின்றேன். வழக்கம் வழக்கம்தான். சட்டையைக் கழற்றாமலே திரும்பினேன்.

“தம்பி!”

வெங்காயக் காட்டுக்குள்ளிருந்து தோட்டக்கார அக்கா நிமிர்ந்தார். ஒரு கையில் அரிவாள், இடுப்பில் கூடை.

“கூப்புட்டுட்டு எங்க போறீக?”

“ஆளில்லக்கா.”

“நான் ஆளாத் தெரியலையா?”

ஒரு பொம்பளை மேட்டில் இருக்க, நான் எப்படிச் சட்டையைக் கழற்றி, இந்தக் காலோடு படி இறங்குவது? அவருக்கு அது புரிந்துவிட்டது. கூடையைக் கவிழ்த்து, தென்னையடியில் போட்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அறுவடை செய்த வெங்காயத்தைப் பக்கத்தில் குவித்துக்கொண்டு தாள் அறுக்க ஆரம்பித்தார்.

“நான் திரும்ப மாட்டேன். ஆனா கேட்டா பதிலு சொல்லணும். கண்டக்டரு சொல்லியிருக்காரு, ஒங்க வாய்ல வார்த்த வராதுன்னு. பதிலு வரலைன்னா திரும்பிருவேன், பாத்துக்கிருங்க.”

படி இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. இடுப்பு வரை, நெஞ்சு வரை. கால் முதலில் மறுத்தது, பிறகு மெல்ல விட்டுக்கொடுத்தது. ஒரு வட்டம் முடித்தேன். மேலே இருந்து ஊர்ப்பெயர் எதுவும் வரவில்லை. அரிவாள் வெங்காயத் தாளை அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன்.

“ஆளு இருக்கா?” என்றார் அக்கா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. மேலே அரிவாள் சத்தம் நின்றது. அதைக் கல்லில் வைக்கும் ஓசை கேட்டது. கூடை நகர்ந்தது.

“இருக்கேன்க்கா!” என்று கத்தினேன். கிணறு முழுக்கக் கேட்டது. “இருக்கேன், இருக்கேன்!”

“சரி, சரி. ஒரு தடவ சொன்னாப் போதும்” என்றார். அரிவாள் மறுபடி அறுக்க ஆரம்பித்தது. நான் அடுத்த வட்டத்தைத் தொடங்கினேன்.