கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் கேம் சி.டி.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தும் நான் கம்ப்யூட்டர் கேம் சி.டி.க்களாக வாங்கிக் குவித்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய சி.டி. விற்கும் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சாம்மா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இத வச்சு என்ன செய்வ?"

"கேப்பேன்."

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கேம் சி.டி.க்கள் சிலவற்றைப் பாட்டுப் போடும் செட்டிலேயே போடலாம். முதல் டிராக்கில் விளையாட்டு இருக்கும். அதைப் போட்டால் 'கர்ர்'ரென்று காதைக் கிழிக்கும். இரண்டாவதிலிருந்து இசை. சிநேகிதி வீட்டில் ஒரு கேம் சி.டி.யைத் தவறுதலாகப் பாட்டு செட்டில் போட்டு, பதறி அடுத்த பொத்தானை அழுத்தியபோது கண்டுபிடித்தேன். கதாநாயகன் இல்லை, டூயட் இல்லை, யாரும் பாடவில்லை. ஒரு குகைக்குள் நடக்கிறோம், இன்னும் செத்த நேரத்தில் ஏதோ பாயப்போகிறது என்பதை வெறும் டிரம்மும் கிடாரும் சொல்லிக்கொண்டே போகும். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

எல்லா சி.டி.யிலும் இசை இருக்காது. எதில் இருக்கும் என்று அட்டையைப் பார்த்துத் தெரியாது. கடைக்காரரின் பிளேயரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன். அவர் காதைப் பொத்திக்கொள்வார்.

காலேஜ் ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் சி.டி. பெட்டி காலியாகக் கிடந்தது.

"மாமா கேட்டான், குடுத்துட்டேன்" என்றார் அம்மா. "கம்ப்யூட்டரே இல்லாத வீட்ல எதுக்கு அம்புட்டு சி.டி.?"

"மாமாவுக்கு எதுக்கு?"

"கிளி வெரட்ட."

மாமாவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம். மக்காச்சோளம் போட்டிருந்தார். பளபளப்பாக எது கிடைத்தாலும் கயிற்றில் கோர்த்துக் கட்டுவார்கள். வெயில் பட்டு மின்னினால் கிளி இறங்காது. நான் அழவில்லை. பாட்டு செட்டைத் துணிப்பையில் வைத்து, அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறி மடியில் ஏந்திக்கொண்டேன்.

வரப்பில் நின்று பார்த்தால் என் பல வருஷத் தேடல் முழுக்கக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. முடிச்சு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஏ புள்ள! என்னத்த அவுக்குற?" என்று ஓடி வந்தார் மாமா. "கதிரு பால் பிடிக்கிற நேரம்!"

"இது பாட்டு மாமா."

"அம்மா கேம்னுல்ல சொன்னா?"

"கேமோட பாட்டு."

"யாரு பாடுறா?"

"யாரும் பாடல."

"பாட ஆள் இல்லைனா அது எப்படித்தா பாட்டாகும்?"

மோட்டார் ரூமில் செட்டை வைத்துப் பிளக்கைச் சொருகினேன். ஒரு சி.டி.யைத் தாவணியில் துடைத்துப் போட்டேன். நான் தடுப்பதற்குள் மாமா தானே பொத்தானை அழுத்திவிட்டார். முதல் டிராக். கர்ர்ர்ரென்று கிளம்பிய சத்தத்தில் வேப்பமரத்திலிருந்த கிளிகள் கூட்டமாகப் பறந்தன.

"அட!" மாமா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "கயித்துல கட்டுனத விட இது நல்லா வேல செய்யுதே!"

இரண்டாவதுக்கு மாற்றினேன். குகை இசை வந்தது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னமோ அடிதடிக்குப் போற மாதிரில்ல இருக்கு?"

"அடிதடிக்குப் போறப்பதான் வரும்."

"சரி, கேட்டாச்சு. ஒண்ணு ரெண்ட எடுத்துக்க, மிச்சத்த வுடு."

"உங்க டி.வி.எஸ். வண்டிப் பெட்டியில சிக்குன கேசட்டு கெடக்குல்ல. அந்த நாடாவ உருவி இழுத்துக் கட்டுங்க. காத்துக்கு ஙொய்னு கத்தும், கிளி அண்டாது."

மாமா முகம் மாறியது. "அது பாட்டுத்தா! ரிப்பேர் பண்ணிக் கேக்கலாம்னு வச்சிருக்கேன்."

"இதுவும் அதான்."

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. நான் அவர் ஒத்துக்கொள்ளக் காத்திருக்கவும் இல்லை. கடைசி முடிச்சு வரை அவிழ்த்தேன். வெறும் கயிறுகள் சோளத்தின் மேல் ஆடின.

"நாளைக்குக் கிளி வந்தா நான் என்னத்தச் சொல்ல?" என்று வரப்பிலிருந்து கத்தினார்.

"உங்க கேசட்டப் போட்டுக் காட்டுங்க!"

சிலவற்றில் கயிறும் தூசியும் கீறல் போட்டிருந்தன. குகை சி.டி. நாலாவது டிராக்கில் ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்கும். செட்டைத் தட்டிவிட்டுத்தான் இன்றும் கேட்கிறேன். மாமா தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று மாலையே சி.டி. கடையில் போய் நின்றேன்.

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சாம்மா?"

"இல்லண்ணே. புதுசா என்ன வந்திருக்கு?"